கயிற்றின் மேல்நுனி

நூர்தீன் அதுவரை இருநூற்றுப் பதினோரு தடவை செத்திருந்தான். வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் மாலை நாலரை மணிக்குச் சாவு. செத்து முடித்ததும் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, "என்னா மச்சான், இன்னிக்கு ரெண்டு எண்ணு லேட்டு. தூங்கிட்டீங்களா?" என்று கலந்தரைச் சீண்டிவிட்டு, அவன் வாங்கி வைத்திருக்கும் சுலைமானியைப் பிடுங்கிக் குடிப்பான். கலந்தரின் தங்கை சபூராவைக் கட்டியவன். அந்த உரிமையில் டீயை மட்டுமல்ல, கலந்தரின் சட்டை, செருப்பு எதையும் கேட்காமல் எடுப்பான்.

அவன் செத்தது ஸாப் நதிப் போரில். ஆயிரத்து முந்நூறு வருடங்களுக்கு முன்னால் அந்த நதிக்கரையில் இரண்டு அரபு வம்சங்கள் மோதின. ஆண்டுகொண்டிருந்த உமையாக்களுக்கு வெள்ளைக் கொடி, ஆள வந்த அப்பாசியருக்குக் கறுப்புக் கொடி. வெள்ளைக் கொடிக் குதிரைகள் பாய்ந்து வந்தன. கறுப்புக் கொடிக்காரர்கள் மண்டியிட்டு, ஈட்டிகளை முன்னால் சாய்த்துப் பிடித்து, வரிசை கலையாமல் இருந்தார்கள். அவ்வளவுதான் போர். குதிரைகள் சிதறின, தோற்றவர்கள் ஆற்றுக்குத் திரும்பி ஓடினார்கள். அங்கே படகுப் பாலம் அறுந்து கிடந்தது. அறுக்கச் சொன்னது எதிரி இல்லை, அவர்களுடைய தலைவனேதான் என்று பழைய ஏடுகளில் இருக்கிறதாம். வாளுக்குச் செத்தவர்களைவிடத் தண்ணீருக்குச் செத்தவர்கள் அதிகம்.

அந்தப் போரை ஒரு கம்பெனி பாலைவனத்தில் ஆறு வெட்டி, தண்ணீரில் சேற்று நிறம் கலந்து, தினமும் நடத்தியது. எந்த நாடு என்று கேட்க வேண்டாம். வெயிலும் கண்ணாடிக் கட்டடமும் உள்ள ஏதோ ஒரு நாடு. வேடிக்கை பார்க்க மட்டும் என்றால் அங்கே ஈ காக்கை வராது. வந்தவர்கள் உணர்வதற்கு வந்தார்கள். படைவீரனாக நடிப்பவன் பிடரியில் உளுந்து அளவுக்கு ஒரு சில்லு வைத்துத் தைத்திருப்பார்கள். அவன் உடம்புக்கு என்ன நேர்கிறதோ அது அப்படியே, குளிர்ந்த மாடத்தில் நெற்றிப்பட்டை கட்டி உட்கார்ந்திருப்பவனுக்குப் போய்ச்சேரும். ஈட்டி பிடித்தவன் தோள்வலி, குதிரை வரும்போது குடல் சுருங்குவது, எல்லாம். ஜெயித்தவன் பக்கத்துக்குத்தான் கிராக்கி இருக்கும் என்று கம்பெனி நினைத்தது. ஆனால் ஜனங்கள் தோற்றவன் சீட்டுக்கு அடித்துக்கொண்டார்கள். சாகாமல் செத்துப் பார்க்க வேண்டும் என்று அவ்வளவு பேருக்கு ஆசை இருந்திருக்கிறது.

"ஜெயிச்சவனும் அரபி, தோத்தவனும் அரபி. சாகுறது மட்டும் ராமநாதபுரத்துக்காரன்" என்பான் கலந்தர். முதல் மாதத்தில் இதைச் சிரித்துக்கொண்டு சொன்னான். போகப்போகச் சிரிப்பு கழன்றுவிட்டது.

கீழக்கரைக்குக் கிழக்கே உள்ள கடலோர ஊர் அவர்களுடையது. சங்கு குளிக்கிறவர்கள். தண்ணீரில் மூச்சடக்கத் தெரிந்தவர்கள் வேண்டும் என்று ஏஜெண்டு வந்து ஐந்து ஜோடிகளைப் பொறுக்கிக்கொண்டு போனான். ஜோடியில் ஒருவன் வெள்ளைக் கொடிப் படையில் நின்று, பாலம் அறுந்ததும் நிஜ இரும்புக் கவசத்தோடு ஆற்றில் விழ வேண்டும். இன்னொருவன் கரையில், கோரைப் புதருக்குப் பின்னால், விழுந்தவன் இடுப்போடு கட்டிய கயிற்றின் மேல்நுனியைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். உள்ளே போனவன் மூச்சு முட்டும் தறுவாயில் மூன்று தரம் கயிற்றைச் சுண்டுவான். மேலே இருப்பவன் இழுப்பான். புதர் மறைவில் தலை தூக்கும்போது மாடத்தில் கைதட்டல் கேட்கும். அதற்குள் பட்டைகளில் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். பிழைத்து எழுந்தவனின் உணர்ச்சி யாருக்கும் தேவைப்படவில்லை.

ஒருநாள் காலை கலந்தரை மிருதுளா மேடம் கூப்பிட்டனுப்பினாள். உணர்ச்சி சரியான அளவில் போகிறதா என்று பார்க்கும் பிரிவுக்கு அவள்தான் பெரிய ஆள். திருச்சிப் பெண், முப்பது வயதிருக்கும். நாற்காலி காட்டி, டீயும் பிஸ்கட்டும் வரவழைத்து, "உக்காருங்கண்ணா" என்றாள். எட்டு மாதமாக "ஏய், நீ" என்ற பேச்சையே கேட்டுக்கொண்டிருந்த கலந்தருக்கு அந்த ஒரு சொல்லிலேயே மனசு இளகிவிட்டது.

திரையில் நாற்பது கோடுகள் ஓடின. முப்பத்தைந்து கோடுகள் செங்குத்தாக ஏறி மேலே ஒரு சிவப்புப் பட்டையைத் தொட்டுவிட்டு இறங்கின. ஐந்து கோடுகள், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன் மாதிரி கீழேயே கிடந்தன.

"இது பயம்ணா. தண்ணிக்குள்ள விழுந்தப்புறம் ஒவ்வொருத்தருக்கும் எவ்வளவு பயம் வருதுன்னு காட்டுது. ஏறாத அஞ்சும் உங்க ஊர்க்காரங்க. அதுலயும் உங்க மாப்பிள்ளை கோடு அசையவே மாட்டேங்குது."

"கடல்காரன் தண்ணிக்குப் பயப்படுவானா மேடம்?"

"அப்படித்தான் நானும் நெனச்சேன். ஆனா பிலிப்பைன்ஸ் மீனவங்களுக்கு ஏறுதே. அவங்களும் கடல்காரங்கதானே? இதுக்குன்னு சீட்டு வாங்கி வர்றவங்க திட்டறாங்கண்ணா. செத்துப் பாக்கலாம்னு வந்தா, குளத்துல முங்கி எழுந்த மாதிரி இருக்காம்."

தெரியாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். கலந்தர் பெருமையாகச் சொன்னான்.

"எங்க ஊர்ல கயித்தோட மேல்நுனி மச்சான் கையிலதான் இருக்கும் மேடம். அண்ணன் தம்பி கையில குடுக்க மாட்டோம். அவன் பங்காளி, சொத்துக்கு ஆசைப்பட்டு விட்டாலும் விட்டுருவான். மச்சான் விட மாட்டான். விட்டா அவன் தங்கச்சி கழுத்துல தாலிக் கருகமணி இருக்காதுல்ல? அதனால கீழ போனவன் மேல என்ன நடக்குதுன்னு நெனைக்கவே மாட்டான்."

"கவசத்தைக் கழட்ட இடுப்புல சிவப்பு பட்டன் இருக்கே, அதையும் இவங்க அஞ்சு பேரும் ஒருநாள் கூட அழுத்தினதில்லை. மத்தவங்க வாரத்துக்கு ஒருத்தராவது அழுத்திடறாங்க."

"அமுக்க மாட்டாங்க மேடம். மூணு தரம் சுண்டிட்டா அப்புறம் தானா மேல வரக்கூடாது. வந்தா மச்சானை நம்பலைன்னு அர்த்தம். எங்க தெருவுல ஒருத்தர் பதறிப்போய் அப்படி வந்துட்டார். அவர் மச்சான் ஆறு வருஷம் அந்த வீட்டு வாசப்படி மிதிக்கல. பொம்பளப்புள்ள கல்யாணத்துக்குத்தான் சமாதானம் ஆச்சு."

மிருதுளா மேடம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். "ரொம்ப அழகான வழக்கம்ணா" என்றாள். கலந்தர் மீதியிருந்த பிஸ்கட்டை மாப்பிள்ளைக்கு என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தான்.

எட்டாம் நாள் காலைக் கணக்கெடுப்பில் மேஸ்திரி கலந்தரின் எண்ணைக் கூப்பிட்டு, கறுப்புக் கொடி வரிசையில் போய் நிற்கச் சொன்னான்.

"அங்க எனக்கென்ன வேலை? கயிறு யாரு பாக்குறது?"

"கயித்துக்கு ஏற்பாடு பண்ணியாச்சு. ஒன்னவிட நல்லாப் பிடிக்கிற ஆளு. ஈட்டி வரிசைல ஒருத்தன் கொறையறான், போ."

நூர்தீனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருகிறேன் என்றான். முடியாது என்றார்கள். வெள்ளைக் கொடிக்காரர்களுக்குக் கவசம் மாட்ட நேரமாகும், அவர்கள் அப்போதே எதிர்க்கரைக்குப் போய்விட்டார்கள். ஃபோன்கள் எல்லாம் பெட்டியில் பூட்டியிருந்தன. மேல்நுனி கை மாறினால் கீழே போகிறவனிடம் முதலில் சொல்ல வேண்டும், சொல்லாமல் மாற்றினால் அது கொலைக்குச் சமம். கலந்தருக்கு அது தெரியும். தெரிந்தும், நம்மூர் ஆட்களில் யாரையாவது வைத்திருப்பார்கள் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு போய் மண்டி போட்டான். அந்தச் சமாதானத்தை நினைத்தால் அவனுக்குத் தன் முகத்திலேயே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கும்.

நாலு மணிக்கு முரசு அடித்தது. குதிரைகள் புழுதி கிளப்பி வந்தன. கலந்தர் ஈட்டிக்காம்பை முழங்காலில் முட்டுக்கொடுத்துப் பிடித்திருந்தான். வேலைக்குச் சேர்ந்த அன்றே எல்லோருக்கும் வைத்ததுபோல் அவன் பிடரியிலும் சில்லு இருந்தது. ஜெயிக்கிற பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்த தொள்ளாயிரம் பேரில் சிலர் அவனுக்குள் இருந்தார்கள். குதிரைகள் பத்தடி தூரத்தில் மிரண்டு திரும்ப, வெள்ளைக் கொடிகள் சாய, தோற்றவர்கள் பாலத்துக்கு ஓடினார்கள். பாலம் அறுந்தது. நாற்பது பேர் ஆற்றில் விழுந்தார்கள். நூர்தீன் எப்போதும் இடது தோள் முதலில் படுகிற மாதிரி விழுவான். கலந்தர் அதைப் பார்த்துவிட்டு, பழக்கதோஷத்தில் எண்ண ஆரம்பித்தான்.

அறுபதில் சுண்டுவான். எழுபத்தைந்தில் கோரை அசையும். எழுபத்தைந்தில் அங்கங்கே கோரை அசைந்தது. ஒவ்வொன்றாக முப்பத்தொன்பது இடத்தில் அசைந்தது. இடமிருந்து ஏழாவது புதர் மட்டும் சும்மா இருந்தது.

தொண்ணூறு. நூறு.

அந்த வரிசை கலையாமல் இருந்ததால்தான் அந்தப் போரே ஜெயித்தது. எழுந்திருக்கக் கூடாது என்பதுதான் அந்த வேலையின் முதல் சட்டம். நூற்றைந்தில் கலந்தர் ஈட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு எழுந்து ஓடினான். "மாப்ள! மாப்ள!" என்று அவன் கத்தியது மாடத்தில் கேட்டிருக்காது. ஆனால் அங்கே இரைச்சல் எழுந்தது. கதையில் புதிதாக ஏதோ சேர்த்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

புதருக்குப் பின்னால் அவனுடைய முக்காலி இல்லை. குளிர்சாதனப் பெட்டி அளவுக்கு ஒரு இரும்புப் பெட்டி உட்கார்ந்திருந்தது. நூர்தீனின் கயிறு அதற்குள் சுற்றியிருந்தது. பெட்டியின் நெற்றியில் ஒரு பச்சை விளக்கு நிதானமாக எரிந்துகொண்டிருந்தது. கலந்தர் கயிற்றைப் பிடித்து இழுத்தான். பெட்டி விடவில்லை. உதைத்தான், காறித் துப்பினான், அதன் ஏழு தலைமுறையைத் திட்டினான். பிறகு கயிற்றைப் பிடித்துக்கொண்டே ஆற்றுக்குள் இறங்கினான். கலங்கல் தண்ணீரில் கையால் துழாவி, மாப்பிள்ளையின் இடுப்பைக் கண்டுபிடித்து, அந்தச் சிவப்புப் பட்டனை அவனே அமுக்கினான். ஒரே அமுக்கு. இரும்பெல்லாம் கழன்று விழுந்தது.

டாக்டர் வந்து நெஞ்சை அழுத்திப் பார்த்துவிட்டு எழுந்துகொண்டார். நூர்தீன் முகத்தில் கலவரமே இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் முகம் மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் மிருதுளா மேடம் மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை டீ இல்லை. அவள் கண் வீங்கியிருந்தது. கலந்தர் உட்காரவில்லை.

"அந்தப் பொட்டி எப்ப இழுக்கும் மேடம்?"

அவள் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பயக் கோடு சிவப்பைத் தொட்டதும் இழுக்கும்ணா. கையால இழுத்தா சில பேரைச் சீக்கிரம் இழுத்துடறாங்க, பயம் முழுசா வர்றதில்லைன்னு புகார். அதனால பயம் வந்தப்புறம் இழுக்கற மாதிரி பண்ணினோம். முதல்ல ஒருத்தரை வச்சுப் பாக்கலாம்னு..."

"சிவப்பைத் தொடலைன்னா?"

"தொடும்ணா. மூச்சு முட்டினா எந்த மனுஷனுக்கும் தொடும். தொடாம இருக்க முடியாதுன்னு அத்தனை பேரும் சொன்னாங்க. உங்க ஆளுங்க தொடாததுக்குக் காரணம், சீக்கிரமா இழுத்துடறீங்கன்னு நெனச்சோம்."

"அவன்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா பழகிடுவாங்க, அப்புறம் பயம் வராதுன்னு..."

"சொல்லியிருந்தாத்தான் மேடம் பயம் வந்திருக்கும்! பொட்டி கையில கயிறு இருக்குன்னு தெரிஞ்சிருந்தா பயந்திருப்பான், ஒங்க கோடும் ஏறியிருக்கும், பொட்டியும் இழுத்திருக்கும். நான் புடிச்சிருக்கேன்னு நெனச்சிருக்கான். அதனால செத்திருக்கான்."

அவள் ஒரு தாளை அவன் பக்கம் நகர்த்தினாள். விசாரணை முடிந்துவிட்டதாம். பெட்டி சரியாக வேலை செய்திருக்கிறது. பாதுகாப்புப் பட்டனும் சரியாக வேலை செய்திருக்கிறது. ஊழியர் அதைப் பயன்படுத்தவில்லை. அவருடைய கவனக்குறைவே காரணம்.

கலந்தர் மேசையை ஓங்கி அறைந்தான். "அவன் ஏன் அமுக்கலைன்னு ஒங்களுக்குத் தெரியாது? நான்தானே சொன்னேன்! பிஸ்கட்டு குடுத்துக் கேட்டீங்களே, எழுதிக்கிட்டீங்களே, அழகான வழக்கம்னு சொன்னீங்களே! அந்தத் தாளு எங்க? அதை இதோட சேத்து ஒட்டுங்க மேடம். தமிழ்ல பேசுறாகளேன்னு நம்பிச் சொன்னேன். அந்த வெள்ளக்கொடிக்காரன் பாலத்தையும் அவன் ஆளேதான் அறுத்தானாம். இப்பத்தான் வெளங்குது."

அவள் அழுதாள். அழட்டும் என்று நின்றான். பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சொல்லாமல் விட முடியாத இன்னொன்றையும் சொன்னாள். அன்றைக்கு அவன் எழுந்து ஓடியபோது பட்டைகளில் இணைப்பைத் துண்டிக்க மறந்துவிட்டார்கள். அவனுடைய பதற்றம், பெட்டியைக் கண்டதும் வந்த ஆத்திரம், தண்ணீருக்குள் போனது வரை எல்லாம் அந்தச் சீட்டுக்காரர்களுக்குப் போய்விட்டது. எழுந்து நின்று கை தட்டினார்களாம். இப்படி ஒரு கோபத்தை வாழ்க்கையில் உணர்ந்ததில்லை என்று எழுதி அனுப்புகிறார்களாம். நாளையிலிருந்து தினமும் கடைசிக் காட்சியாக அந்தப் பதிவைத்தான் ஓட்டப்போகிறார்கள்.

"நான் ஒத்துக்க மாட்டேன்."

"உங்க சம்மதம் தேவையில்லைண்ணா. சில்லு வைக்கும்போதே கையெழுத்து வாங்கிட்டாங்க. அதுல பதியறது எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம்."

கலந்தருக்குக் கெட்ட வார்த்தைகள் எல்லாம் நாக்கு நுனி வரை வந்தன. கோபப்பட்டால் அதையும் விற்பார்கள் என்று தெரிந்தபின் கோபப்படுவதற்கே கூசியது.

"அவன் பதிவு?" என்றான்.

"அதுல பயமே இல்லை. யாருக்கும் பிரயோஜனம் இல்லைன்னு அழிக்கச் சொல்லிட்டாங்க."

அவன் கையை நீட்டினான். அவள் இழுப்பறையைத் திறந்து அந்தப் பதிவு ஏற்றிய ஒரு நெற்றிப்பட்டையை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். "அழிச்சாச்சுன்னு எழுதிடறேன்" என்றாள். கலந்தர் அவளுக்கு நன்றி சொல்லவில்லை.

நூர்தீனின் மய்யித்தோடு ஊருக்கு வந்து, அடக்கம் முடிந்து, மூன்றாம் நாள் ஃபாத்திஹாவும் ஓதி முடிந்தது. வந்தவர்கள் எல்லாரும் கலந்தரைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். கயிறு யார் கையில் இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லாத கேள்வி அது. மச்சான் புடிச்சும் அல்லா கூட்டிக்கிட்டான் என்று அவர்களாகவே பேசிக்கொண்டார்கள். சொல்லிவிடலாமா என்று கலந்தர் யோசித்தான். உண்மையைச் சொன்னால் பெட்டியின் மேல் கோபப்பட யாருக்கும் தெரியாது. தன்மேல்தான் திரும்பும். திரும்பட்டும், அதுவும் நியாயந்தான். ஆனாலும் வாய் வரவில்லை.

சபூரா, புருஷனை இழந்தவள் வெளியே வராமல் துக்கம் காக்கும் இத்தாவில், உள்ளறையில் இருந்தாள். சாயங்காலம் அவன் உள்ளே போய் எதிரே உட்கார்ந்ததும், "காக்கா" என்றாள். அண்ணனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். "கடைசியில ரொம்பப் பயந்துட்டாகளா?"

கலந்தர் பட்டையை எடுத்து அவள் முன்னால் வைத்தான். அது என்ன என்று சொன்னான். "நான் இன்னும் போட்டுப் பாக்கல. எனக்குத் தைரியம் வரல" என்றான்.

அவள் தயங்கவே இல்லை. முக்காட்டை விலக்கிப் பட்டையை நெற்றியில் கட்டிக்கொண்டாள். சட்டென்று உடம்பு இடது பக்கம் சாய்ந்தது, இடது தோள் சுவரில் பட்டது. கண்ணை மூடிக்கொண்டாள். கன்னம் உப்பியது. கலந்தர் தன்னையறியாமல் எண்ணினான். அறுபதில் அவளுடைய வலதுகை மடியிலிருந்து எழும்பி, இல்லாத கயிற்றை மூன்று தரம் சுண்டியது. பிறகு காத்திருந்தது. எண்பதில் மறுபடி மூன்று தரம். தொண்ணூறில் கட்டைவிரல் மெதுவாக இடுப்புக்குப் போய் எதையோ தொட்டது. தொட்டுவிட்டு, வேண்டாம் என்று திரும்பி வந்தது. மறுபடி மூன்று தரம். இந்தத் தடவை அவசரமே இல்லை. தூங்குகிறவரை எழுப்புகிற மாதிரி, கொஞ்சம் விளையாட்டாகக்கூட இருந்தது. அவள் முகத்தில் ஒரு கலவரமும் இல்லை. சற்று நேரத்தில் கை மடியில் விழுந்தது.

வெளியே மஃரிபு தொழுகைக்கு இன்னும் நேரமிருந்தது. மணி ஆறு. அங்கே நாலரை. தொள்ளாயிரம் பேர் குளிரில் உட்கார்ந்து, கலந்தரின் ஆத்திரத்தை நெற்றியில் மாட்டிக்கொண்டு, அந்தப் பெட்டியை உதைத்துக்கொண்டிருப்பார்கள். அனுபவித்து முடித்ததும் கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். இங்கே அவனிடம் ஒரு பிடி ஆத்திரம்கூட மிச்சமில்லை.

சபூரா பட்டையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணீரோடு சிரித்தாள்.

"பயமே இல்ல காக்கா. கொஞ்சங்கூட இல்ல. மச்சான் இழுத்துருவாக, மச்சான் இழுத்துருவாகன்னு அதே நெனப்பாத்தான் இருந்திருக்காக."

கலந்தர் தலையை ஆட்டினான். அவள் பட்டையைத் தடவிக்கொண்டே இருந்தாள். தடவிக்கொண்டிருந்த விரல்கள் பாதியில் நின்றன. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக முகத்தைவிட்டு இறங்கியது.

"திரும்பத் திரும்ப மூணு தடவை சுண்டியிருக்காகளே" என்றாள். நிமிர்ந்து அண்ணன் கைகளைப் பார்த்தாள். "கயிறு யாரு கையில இருந்துச்சு, காக்கா?"